அருமை என்று சொல்லாதவள்

வாசல் பூட்டு துருவேறிச் சாவியைக் கடித்துக்கொண்டு விட மறுத்தது. புதிது வாங்கலாம் என்று அந்தக் கடைக்குப் போனேன். குழாய், ஆணி, பூட்டு, பெயிண்ட் எல்லாம் ஒரே இடத்தில் விற்கிற பெரிய கடை. பெயிண்ட் டப்பாக்களை அடுக்கியிருந்த பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு தொடுதிரை வைத்திருந்தார்கள். அதன் முன்னால் புதிதாகக் கல்யாணமான களையோடு ஒரு ஜோடி நின்றது. அந்தப் பெண் விரலால் தொட்டாள். திரையில் இருந்த அறையின் சுவர் நீலமானது. மறுபடி தொட்டாள். ஆரஞ்சானது.

அது எங்கள் அறை.

முதலில் ஜன்னலைத்தான் அடையாளம் கண்டேன். அதன் இடது கதவு முழுதாகச் சாத்தாது. காற்றுக்கு அடித்துக்கொள்ளாமல் இருக்க நான் மடித்துச் செருகிய அட்டைகூடத் தெரிந்தது. பிறகு மர நாற்காலி. பிறகு அதில் சாம்பல் நிறச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, கைகளை மடியில் கோத்தபடி, எதிரில் இருப்பவன் சொல்வதை நம்பலாமா என்று யோசிக்கிற முகத்தோடு என் மனைவி. அவள் போய் அப்போது ஒரு வருடம்கூட முடியவில்லை.

"இந்த ஆன்ட்டி சால்வைக்கு ஆரஞ்சு ஒத்து வரல" என்றாள் அந்தப் பெண்.

"நம்ம வீட்டுல ஆன்ட்டியா உட்காரப் போறாங்க?"

"உங்கம்மா வந்து உட்காருவாங்கல்ல?"

இருவரும் சிரித்தார்கள். அவள் இளஞ்சிவப்பைத் தொட்டாள். உடனே என் மனைவியின் தலைக்கு மேல், படக்கதைகளில் வருமே அதுபோல, வெள்ளையாக ஒரு குமிழ் எழும்பியது. அதற்குள் எழுதியிருந்தது: "அருமை! கண்ணு பட்டுடும் போங்க!"

நான் அவர்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன். மறைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அவள் மேல் வைத்தேன். தொடுதிரைக்கு அது தெரியுமா? நான் பத்து விரலாலும் வண்ணம் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டது. தரை பச்சையானது, திரைச்சீலை ஊதாவானது, சுவர் ஒரு நொடிக்கு ஒரு நிறம் மாறியது. என் விரல்களின் இடுக்கு வழியாக அவள் ஒவ்வொன்றையும் பாராட்டிக்கொண்டே இருந்தாள். அருமை. அருமை. சபாஷ், இதைத்தான் நானும் நினைச்சேன். அருமை.

கடைக்காரர் ஓடி வந்தார். "சார், என்ன சார் பண்றீங்க? எல்லாரும் விளையாடத்தான் வச்சிருக்கு. ஒவ்வொருத்தரா வாங்க."

"இது என் பொண்டாட்டி."

"அப்படியா சார்!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "மேடம் விளம்பரத்துல நடிக்கிறாங்களா? சும்மா சொல்லக்கூடாது சார், இவங்க வந்தப்புறம்தான் இந்தக் கம்பெனி பெயிண்ட் ஓடுது. அடுத்த தடவை மேடத்தையும் கூட்டிட்டு வாங்க."

"செத்துப் போயிட்டா."

அந்த ஜோடி ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் யாரும் திரையைத் தொடவில்லை. தொடாமல் இருந்தாலும் அது சும்மா இருக்காது போல. குமிழ் தானாகவே எழும்பியது: "என்ன யோசனை? வாங்கிடலாமா?"

பூட்டு வாங்காமல் திரும்பினேன். வழியெல்லாம் என் காது கொதித்தது.

*

அவளைத் தெரியாதவர்களுக்கு இதில் இவ்வளவு கோபப்பட என்ன இருக்கிறது என்று தோன்றலாம். படம்தானே, நாலு நல்ல வார்த்தைதானே என்று.

அவள் மின்சார அலுவலகத்தில் புகார் வாங்குகிற ஜன்னலில் உட்கார்ந்தவள். மீட்டர் ஓடவில்லை, கம்பி அறுந்துவிட்டது, பக்கத்து வீட்டுக்காரன் திருடுகிறான் என்று வருகிற அத்தனை பேருக்கும் அவள்தான் பதில். ஊரே அவளை 'ஜன்னலம்மா' என்றது. வேலையை முடித்துக் கொடுப்பாள். ஆனால் குழைய மாட்டாள். "நாளைக்கு வந்துடும்" என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. வராது என்று தெரிந்தால் வராது என்பாள். அதற்காக அவளைத் திட்டியவர்கள் உண்டு. அதற்காகவே அவள் ஜன்னலில் மட்டும் வரிசை நீளமாக இருந்ததும் உண்டு.

வீட்டிலும் அப்படித்தான். அவள் வாயிலிருந்து ஒரு பாராட்டு வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. கல்யாணத்தன்று அவள் தோழி ஒருத்தி என் காது கேட்கவே "மாப்பிள்ளை எப்படி?" என்று கேட்டதற்கு, "இருந்து பார்க்கலாம்" என்றாள். மகள் வகுப்பில் முதலாவதாக வந்த அன்று, "அடுத்த வருஷமும் பள்ளிக்கூடம் இருக்குல்ல?" நான் பேருந்துப் பணிமனையில் நேர அட்டவணை போடுகிறவன். நகரத்தின் பாதிப் பேருந்துகளை மாற்றியமைத்து ஓர் அட்டவணை போட்டு, அதற்காக மேலதிகாரிகள் எனக்குக் கைகொடுத்த நாளில், அதை வாங்கி மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மோசமில்ல" என்றாள். அந்த 'மோசமில்ல'யை நான் பல நாள் மனதுக்குள் வைத்துச் சுவைத்தேன். அவள் சொன்னால் அது உண்மையாக இருக்கும். அவளுடைய சொல்லுக்கு இருந்த மதிப்பே அதுதான்.

அந்த வாயில்தான் 'அருமை'யைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். கண்ட கண்ட சுவருக்கெல்லாம்.

வைத்தது யார் என்று நான் யோசிக்கவே தேவையிருக்கவில்லை. அந்தப் பெயிண்ட் கம்பெனியின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறவன் என் மச்சினன். அவளுக்கு ஒரே தம்பி. அம்மா இல்லாத வீட்டில் அவனைத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தவள் அவள்தான்.

நோய் முற்றி அவள் அந்த அறையை விட்டு வெளியே வர முடியாமல் போன காலத்தில், அவன் வாரம் தவறாமல் வருவான். வந்தால் கைப்பேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டி அவன் செய்திருப்பதைக் காட்டுவான்.

"இப்பல்லாம் விளம்பரத்தைச் சும்மா காட்டினா ஒருத்தனும் பார்க்க மாட்டான்க்கா. அவன் கையில ஒரு வேலையைக் கொடுக்கணும். தொடணும், மாத்தணும், கேள்வி கேட்கணும், நாம பதில் சொல்லணும். விளையாடிட்டு இருக்கும்போதே வாங்கிடுவான். பாரு, இந்தச் சுவரைத் தொடு."

"சுவர் இருந்தாத்தான் சித்திரம்னு எல்லாரும் எனக்கு வந்து சொல்லிட்டுப் போறாங்க. என் சுவரே இடிஞ்சிட்டிருக்கு, நீ எனக்குக் கலர் காட்டுறே."

"விளையாட்டுக்குத் தொட்டுப் பாருக்கா."

அவள் தொட்டாள். கீழே இருந்த கேள்விப் பெட்டியில் என்னவோ தட்டிக் கேட்டாள். பதில் வந்ததும் கைப்பேசியை அவனிடமே கொடுத்துவிட்டாள். "எதைக் கேட்டாலும் வாங்கு வாங்குன்னே முடிக்குதுடா இது. ஜன்னல்னு ஒண்ணு வச்சா அந்தப் பக்கம் ஆள் உட்கார்ந்திருக்கணும்."

அவன் முகம் சுருங்கிவிட்டது. அவனும் விடுகிறவன் இல்லை. அடுத்த வாரம் ஒரு கேமராவோடு வந்தான். ஸ்டூடியோவில் ஜோடித்த அறைகள் பொம்மை வீடு மாதிரி இருக்கின்றன, மனிதர் வாழ்கிற அறை வேண்டும், இந்த அறையில் காலை வெயில் சுவரில் சாய்வாக விழுகிறது, அது போல எங்கேயும் கிடைக்கவில்லை என்றான். அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளை எழுப்பி இன்னோரிடத்தில் உட்கார வைப்பது அப்போதெல்லாம் சின்ன வேலை இல்லை. நான் மேஜையருகே அவளுடைய மாத்திரைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். அதனால் அவர்கள் பேசியது எனக்கு வரி பிசகாமல் தெரியும்.

"சுவரை எடுத்துக்கோ. என்னை விட்டுடு" என்றாள்.

"நீ அசையாம இருந்தாப் போதும்க்கா. அப்புறமா உன்னைக் கம்ப்யூட்டர்ல அழிச்சிடுறேன்."

"ஆமா, எல்லாரும் அதுக்குத்தான் அவசரப்படுறீங்க."

மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடுதான் அவன் படம் எடுத்தான். ஆனால் அவன் பொத்தானை அமுக்குவதற்குள் அவள் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டிருந்தது. கேமராவையும் ஜன்னலுக்கு வெளியே நிற்கிற ஆளைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள்.

*

மகள் வேலையிலிருந்து வந்து கைப்பையைக்கூட இறக்கவில்லை. அவள் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர். நான் நடையிலேயே நிற்க வைத்துக் கேட்டேன்.

"உங்க மாமா பண்ணியிருக்கிறது உனக்குத் தெரியுமா?"

அவள் பையின் வாரைச் சுற்றினாள். "தெரியும்ப்பா."

"எப்போலேருந்து?"

"கொஞ்ச நாளா. எங்க டாக்டர்தான் காட்டினாங்க, உங்க அம்மா மாதிரியே இருக்காங்களேன்னு. மாமாகிட்ட கேட்டேன். அப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன், நீ சொல்லாதேன்னாரு."

"சொல்லிட்டாரு பாரு. கடைக்காரன் சொன்னான் எனக்கு. மேடத்தைக் கூட்டிட்டு வாங்கன்னு."

"கத்தாதீங்கப்பா."

"நான் கத்தல. கத்தினா இப்படியா இருக்கும்?"

நான் கத்திக்கொண்டுதான் இருந்தேன். அவள் கைப்பேசியை எடுத்து அந்தத் தளத்தைத் திறந்து என் கையில் கொடுத்தாள். மேலே கொட்டை எழுத்தில், 'உங்கள் சுவரோடு பேசுங்கள்!' அதற்குக் கீழே எங்கள் அறை. ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி துடித்துக்கொண்டிருந்தது. புகார் சொல்வதென்றால் அதில்தான் என்றாள் மகள்.

நான் தட்டினேன்: இந்தப் படத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் என் மனைவி. உடனே எடுத்துவிடவும்.

பதில் உடனே வந்தது. அருமையான தேர்வு! உங்கள் மனைவிக்குப் பிடித்த வண்ணம் எது?

அவள் உயிரோடு இல்லை.

மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை. கீழ்க்கண்டவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: படுக்கையறை. சமையலறை. வெளிச்சுவர்.

இறந்துவிட்டாள்.

மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை. படுக்கையறை. சமையலறை. வெளிச்சுவர்.

"படுக்கையறைன்னு போடுங்கப்பா, அப்புறமா ஆள் வர்றாங்களான்னு பார்க்கலாம்" என்றாள் மகள்.

படுக்கையறை என்று போட்டேன். நிம்மதியான உறக்கத்துக்கு ஏற்ற நிறங்களை வரிசையாகக் கொண்டுவந்து கொட்டியது. நான் கைப்பேசியை எறியப் போனேன். மகள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "என்னோடது அது" என்றாள். சிரிக்க முயன்று, முடியாமல், அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

*

மறுநாள் பணிமனைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அந்தக் கம்பெனிக்குப் போனேன். பெயிண்ட் கம்பெனி என்றுதான் பெயர். அந்த மாடியில் ஒரு சொட்டுப் பெயிண்ட் வாசனை இல்லை. நீளமான மேஜைகள், காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்ட பிள்ளைகள், சுவரெல்லாம் திரைகள். ஒரு திரையில் புள்ளிகள் மினுங்கிக்கொண்டிருந்தன. அந்த நிமிடத்தில் தளத்துக்குள் இருக்கிற ஒவ்வொரு வாடிக்கையாளரும் ஒரு புள்ளியாம். எங்கள் படுக்கையறைக்குள் அத்தனை புள்ளிகள்.

மச்சினன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "அத்தான், வாங்க. நானே வீட்டுக்கு வரணும்னு..."

"வந்திருக்கலாமே. வழி மறந்துடுச்சா? சுவரைப் பார்த்தா தெரிஞ்சிருக்குமே."

"சத்தம் வேணாம் அத்தான். உள்ளே வாங்க."

கண்ணாடி அறைக்குள் அவனுடைய மேலாளர் இருந்தார். என் மகளை விட ஏழெட்டு வயது கூட இருக்கும். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து, இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்து, "சார், உங்க இழப்புக்கு நாங்க ரொம்ப ரொம்ப வருந்துறோம்" என்றார். பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த மூச்சிலேயே மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார்.

"மேடம் எங்களுக்கு எவ்வளவு முக்கியம்னு நீங்க தெரிஞ்சுக்கணும் சார். முதல்ல ரெண்டு விதமா போட்டுப் பார்த்தோம். பாதிப் பேருக்கு ஆள் இல்லாத ரூம், பாதிப் பேருக்கு மேடம் இருக்கிற ரூம். காலி ரூம்ல ஜனங்க ரெண்டு கலர் மாத்திட்டுப் போயிடுறாங்க. மேடம் இருந்தா போகவே மாட்டேங்குறாங்க. அவங்க முகத்துல என்னமோ இருக்கு சார். அவங்களைச் சம்மதிக்க வைக்கணும்னு எல்லாருக்கும் தோணுது. நாலஞ்சு கலர் போட்டதும் அவங்க பாராட்டினாங்கன்னா, அவ்வளவுதான், ஆர்டர் போட்டுடுறாங்க."

"அவ பாராட்ட மாட்டா."

"சார்?"

"அவ யாரையும் பாராட்ட மாட்டா. அதனாலதான் அந்த முகம் அப்படி இருக்கு. அந்த முகத்தை எடுத்துக்கிட்டு, அது சொல்லாததை எல்லாம் நீங்க சொல்ல வச்சிருக்கீங்க. சுவரை எடுத்துக்கோ, என்னை விட்டுடுன்னு சொன்னா. இவன்கிட்ட சொன்னா. என் காதால கேட்டேன். இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க."

மேலாளர் மச்சினனைப் பார்த்தார். அவன் மேஜை விளிம்பைப் பார்த்தான்.

"சொன்னா" என்றான்.

மேலாளர் மெதுவாக மடிக்கணினியை மூடினார். ஒரு வாரம் கொடுத்தால் எடுத்துவிடுகிறோம் என்றார். அதுவரை பொறுத்துக்கொண்டால், எங்கள் வீட்டையே கம்பெனி செலவில் உள்ளும் வெளியும் பூசித் தருகிறோம் என்றும் சொன்னார். எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுவதை நல்ல மனதோடும் செய்ய முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நான் அங்கிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "என் பொண்டாட்டி ஜன்னல்ல உட்கார்ந்து முப்பது வருஷம் புகார் வாங்கினவ. எழுந்து போகாத ஆளுக்குத்தான் முதல்ல வேலை நடக்கும்னு சொல்லுவா. நான் எழுந்திரிக்கப் போறதில்ல."

அவர்கள் இருவரும் வெளியே போய்ப் பேசினார்கள். கண்ணாடி வழியாகக் கைகள் ஆடுவது தெரிந்தது. பிறகு மச்சினன் மட்டும் உள்ளே வந்து எதிர்க் கணினியில் உட்கார்ந்தான்.

"இப்பவே எடுத்துடுறேன் அத்தான்."

அவன் அவளை அழித்தான். என் கண்ணெதிரில். சால்வையின் முனையிலிருந்து ஆரம்பித்தான். சின்னத் தூரிகை போல ஒன்றை நகர்த்த நகர்த்த, அவள் இருந்த இடத்தில் நாற்காலியின் முதுகுக் கம்பிகள் ஒவ்வொன்றாக முளைத்தன. கோத்த கைகள் போயின. தோள் போனது. முகத்துக்கு வந்ததும் அவன் விரல் நின்றது. நான் "ம்" என்றேன். எப்படி அந்தச் சத்தம் என்னிடமிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. முகத்தையும் அவன் எடுத்தான்.

அவள் கேட்டது இதைத்தான். சுவரை எடுத்துக்கொள், என்னை விட்டுவிடு. நான் சண்டை போட்டு வாங்கியதும் இதைத்தான். ஆனால் ஆள் போன பிறகும் சுவரில் ஒரு தலையும் தோளும் சாய்வாகக் கிடந்தன.

"நிழல்" என்றேன்.

"அதை எடுத்தா வெளிச்சம் பொய்யாத் தெரியும் அத்தான்."

"பொய்யாத் தெரியக் கூடாதுன்னு இப்போதான் ஞாபகம் வந்துச்சா?"

அவன் நிழலையும் துடைத்தான். மேலாளர் உள்ளே வந்து, புதுப் படம் ஏறிவிட்டதா என்று சுவரில் இருந்த பெரிய திரையில் பார்த்தார். ஏறியிருந்தது. வெயில் விழுகிற காலி அறை, காலி நாற்காலி. "இப்போ திருப்திதானே சார்?" என்று கேட்டபடி, சரிபார்க்கிற பழக்கத்தில், சுவரை ஒரு முறை தொட்டார். மஞ்சள் பரவியது. காலி நாற்காலிக்கு மேலே, அவள் தலை இருந்த அதே உயரத்தில், குமிழ் எழும்பியது.

"அருமை! கண்ணு பட்டுடும் போங்க!"

ஆளை எடுத்தவர்கள் பேச்சை எடுக்க மறந்திருந்தார்கள்.

"ஐயோ, அது தனியா இருக்கு" என்றார் மேலாளர். வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, தலையைச் சற்றுச் சாய்த்து, திரையையே பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. பணிமனையில் ஓர் அட்டவணை தற்செயலாக நன்றாக அமைந்துவிட்டால் நானும் அப்படித்தான் பார்ப்பேன். "ஆனா பாருங்களேன், நாற்காலியே பேசுற மாதிரி... ஒரு மாதிரி க்யூட்டா இருக்குல்ல? மேடம் படம் இல்லையே சார், வெறும் நாற்காலிதானே. இதை வேணா..."

நான் எழுந்தேன். என்ன செய்வதாக எழுந்தேனோ, எனக்கு முன்னால் மச்சினன் எழுந்துவிட்டான்.

"வேணாம்" என்றான்.

"இல்ல, ஒரு ஐடியாதான்..."

"அது நாற்காலி பேசல. எங்கக்கா பேசுறா. நான் எழுதினது. நானே எடுக்கிறேன்."

"எடுக்கணும்னா மேலே கேட்கணும். எல்லா ரூமுக்கும் அதே வசனம்தான் ஓடுது. நீங்க எழுதினதுலதான் உயிர் இருக்குன்னு அத்தனை பேர் சொன்னாங்களே."

"கேளுங்க" என்றான் அவன். கேட்டு முடிப்பதற்குள் எடுத்துவிட்டான்.

*

மாடிப்படியில் நான் முன்னால் இறங்கினேன். அவன் பின்னாலேயே வந்தான். தெருவுக்கு வந்து, பேருந்து நிறுத்தத்தின் தகரக் கூரைக்குக் கீழே நின்றேன். அவனும் வந்து ஓரடி தள்ளி நின்றான். வேலைக்குத் திரும்பிப் போகிற உத்தேசம் இல்லை போல. அங்கே இனி வேலை இருக்கிறதோ இல்லையோ.

"போ" என்றேன். "உன் புள்ளியெல்லாம் காத்திட்டிருக்கும்."

"திட்டணும்னா திட்டிடுங்க அத்தான். இப்படிக் குத்தாதீங்க."

"உன்னை அவ மடியில வச்சு வளர்த்தா. நோயோட உட்கார்ந்திருந்தவளைக் கடைக்குக் கடை நிக்க வச்சு வியாபாரம் பண்ணியிருக்கே. வேற யாராவது பண்ணியிருந்தா நான் சும்மா ஒரு சத்தம் போட்டுட்டு விட்டிருப்பேன்."

"வியாபாரத்துக்குப் பண்ணல."

"பின்னே?"

"முதல்ல அழிக்கத்தான் உட்கார்ந்தேன்." அவன் தெருவைப் பார்த்துப் பேசினான். "அப்போ அவ போய் ரெண்டு மாசம். முடியல. சரி, இருக்கட்டும், எனக்கு மட்டும் வச்சுப்போம்னு விட்டேன். அப்புறம் ஒருநாள் சும்மா ஒரு குமிழ் போட்டேன். அருமைன்னு. காலையில ஆபீசுக்கு வந்ததும் ஒரு தடவை தொடுவேன். சொல்லும். அதை மேனேஜர் பார்த்துட்டாங்க."

"அருமையாம் அருமை. அவளா?"

"ஒரு தடவை சொன்னாளா அத்தான்?" அவன் குரல் உடைந்து சத்தமாக வந்தது. நிறுத்தத்தில் நின்றிருந்த ஓர் அம்மாள் திரும்பிப் பார்த்தார். "ஒரே ஒரு தடவை? பேச்சுப் போட்டியில கப் வாங்கிட்டு வந்தா, கையை ஏன் அப்படி ஆட்டினேன்னு கேட்டா. வேலை கிடைச்சுதுன்னு வந்து சொன்னா, எத்தனை நாளைக்குன்னு கேட்டா. சாகப் போறோம்னு தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லலியே. நான் ஒவ்வொரு வாரமும் எதுக்கு அந்தப் போனைத் தூக்கிட்டு வந்தேன்னு நினைக்கிறீங்க? என்னமோ நான் செஞ்சதை அவ ஒரு தடவை..."

முடிக்காமல் நிறுத்திவிட்டான். நாற்பதை நெருங்குகிறவன். கன்னத்தைச் சட்டைக் கைமடிப்பால் துடைத்தான்.

என் கோபம் அப்போதும் இறங்கவில்லை. அவன் அழுதது அதைக் கொஞ்சம் கூட்டியது என்றே சொல்ல வேண்டும். அவனுக்குக் கிடைக்காததை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டான். பிடுங்கியதை ஊருக்கெல்லாம் இலவசமாக வாரி விட்டான். அவனுக்கு ஒரு பாராட்டு வேண்டும் என்பதற்காக, யாரோ ஒரு பெண் தன் மாமியாரைக் கிண்டலடித்துக்கொண்டே சுவருக்குப் பூசின இளஞ்சிவப்புக்கு என் மனைவி 'கண்ணு பட்டுடும்' என்று சொல்ல வேண்டியிருந்தது.

பேருந்து வரத் தாமதமானது. என் அட்டவணைதான்.

"அத்தான்" என்றான். "நான் வாரா வாரம் வந்துட்டுப் போனப்புறம் என்னைப் பத்தி உங்ககிட்ட ஏதாவது சொல்லுவாளா? நான் காட்டினதைப் பத்தி?"

அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். உன்னை நினைத்து உள்ளுக்குள் பூரித்துப்போவாள், வெளியே சொல்லத் தெரியாது, அவ்வளவுதான் என்று. துக்க வீடுகளில் எல்லோரும் சொல்கிற பொய். கேட்கிறவனுக்கு மருந்து, சொல்கிறவனுக்குச் செலவில்லை. என் நாக்கு நுனி வரை வந்தது. அவன் முகம் அதற்காகத் தயாராகத் திறந்திருந்தது.

சொல்லவில்லை. அவள் வாயில் வார்த்தை வைக்க ஒருவன் வந்ததே போதும்.

"சொன்னா" என்றேன்.

"என்ன சொன்னா?"

"எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, வயசானவங்க எப்படிப் படிப்பாங்க, அவனைக் கொஞ்சம் பெருசாப் போடச் சொல்லுங்கன்னா."

அவன் என்னையே பார்த்தான்.

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

பேருந்து வந்தது. நான் ஏறி, ஜன்னலோர இருக்கையில் அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தேன். அவன் ஏறவில்லை. வண்டி நகர்ந்தபோது அவன் கைப்பேசியை எடுத்து, முகத்துக்கு வெகு அருகில் பிடித்துக்கொண்டு, எதையோ படித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கையசைக்கவில்லை.